ஓடும் தண்ணீருக்குச் சொல்ல வேண்டிய கனவு

அக்கா,

இன்று காலை உங்கள் கூடை கீழே இறங்கியது.

நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வெளியே கொட்டும் மழை. கடை வாசலில் கயிறு ஆடுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பின்னாலேயே அந்த மூங்கில் கூடை, கைப்பிடியில் நீங்கள் சுற்றி வைத்த பச்சைத் துணியோடு, ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்து நின்றது. "இதோ வர்றேங்க்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எழுந்தும் விட்டேன். அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உங்கள் அண்ணன் மகன் கோலாலம்பூரிலிருந்து வந்து மேல்மாடியைக் காலி செய்கிறான். கூடை நிறைய காய்ந்துபோன தூரிகைகள், சாயம் கரைக்கிற டர்பண்டைன் டப்பாக்கள். "படியில ஏறி எறங்க முடியல லா ஆண்டி, அதான் அத்தையோட லிஃப்டுலயே அனுப்புறேன்" என்று இந்த ஊர் லா போட்டுச் சொல்லி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தான். டர்பண்டைன் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் சேலையில், உங்கள் காப்பியில், நீங்கள் திருப்பிக் கொடுக்கும் பாத்திரத்தில்கூட இந்த வாசனைதானே இருக்கும்.

அதோடு அவன் விட்டிருக்கலாம். "ஞாயித்துக்கெழமை வந்திருங்க ஆண்டி. அத்தை படம் எல்லாத்தையும் மேல ஹால்லயே மாட்டுறோம். நெறைய பேர் வருவாங்க. அந்தப் பாலம் படத்தைத்தான் படி ஏறுனதும் தெரியுற மாதிரி வைக்கப் போறேன்" என்றான்.

அந்தப் பாலம் படம் என்னுடைய கனவு. நான் உங்களிடம் ஒப்படைத்த கெட்ட கனவு. அதை ஊர் கூடிப் பார்த்தால் என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்பு வந்தபிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

நீங்கள் மேலே, நான் கீழே. நம் காலம் அப்படித்தான் போனது. பினாங்கில் சூலியா தெருவை ஒட்டிய இந்தச் சந்தில் நான் கடை பார்க்க வந்த அன்று தரகர் சொன்னார்: "மேல ஒரு அம்மா இருக்காங்க. வெளிய வரமாட்டாங்க. பயப்படாதீங்க." யாராவது பயப்படாதே என்று சொன்னால்தான் எனக்குப் பயமே தொடங்கும். ஒரு வாரம் மேலே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலை கூடை இறங்கியது. "தங்கச்சி, மிச்சம் விழுற லைனிங் துணி இருந்தா போடும்மா" என்று ஒரு குரல். போட்டேன். மறுநாள் அதே துணி திரும்பி வந்தது. "ரெண்டு பட்டையா வெச்சு ஒட்டித் தை. தையல் வெளிய தெரியணும்." என் பிழைப்பே தையலை உள்ளே மறைப்பது, வெளியே தெரிய வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். அந்தத் துணிக்குக் கஞ்சி போட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளை பூசி, அதன்மேல் வரைவீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏன் தையல் என்று கேட்டேன். "வெறும் துணியைப் பார்த்தா எங்கேருந்து தொடங்குறதுன்னு பயமா இருக்கு. ஒரு கோடு இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவேன்" என்றீர்கள்.

கூடைக்குள் அடங்காத பெரிய துணி ஒன்றைக் கொடுக்கத்தான் முதன்முதலாக மாடி ஏறினேன். படங்கள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினீர்கள். ஒன்றில் நம் சூலியா தெரு. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையின் தூண்களுக்கெல்லாம் பாதங்கள், பாதங்களில் கொலுசு, கடைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு எல்லாத் தூண்களும் எங்கோ கிளம்புகின்றன. இன்னொன்றில் ஒரு பெரிய சோற்றுப் பானைக்குள் ஃபெர்ரி நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் அகப்பை வழியாக வரிசையாக இறங்குகிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் வந்திருந்த அத்தனை பேருக்கும் தலைக்குப் பதிலாக மின்விசிறி. பெண்ணுக்கு மட்டும்தான் முகம் இருந்தது, அவளுடைய முடி எல்லாத் திசையிலும் பறந்துகொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் கல்யாணத்தில் இப்படித்தான் இருந்தது என்று சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். "இதெல்லாம் நடக்காத விஷயம்தானேக்கா?" என்று கேட்டதற்கு, "நடக்குறதுக்கு அடியில இருக்குறது" என்றீர்கள். புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

உங்கள் கதையை நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதில்லை. துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. செட்டிநாட்டிலிருந்து வந்து இங்கே தொழில் செய்த குடும்பம். கணக்கு படிக்க லண்டனுக்கு அனுப்பிய அப்பா. நீங்கள் கணக்கோடு ஒரு சாயப் பெட்டியையும் கொண்டுவந்தது. பகலெல்லாம் அப்பாவின் அலுவலகம், பொழுது சாய்ந்ததும் தூரிகை. ஒரே ஒரு முறை படங்களை ஒரு மண்டபத்தில் வைத்தீர்களாம். வந்தவர்கள் எல்லோரும் "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார்களாம். உறவுக்கார அம்மா ஒருவர், பிள்ளைக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், இதையெல்லாம் கடலில் கொண்டுபோய் விட்டுவிடுவது நல்லது என்று உங்கள் அம்மாவின் காதில் ஓதினாராம். அன்று வீட்டுக்குள் போனவர்தான். "அர்த்தம் கேக்குறவங்க யாரும் படத்தைப் பார்க்கல தங்கச்சி, என்னைப் பார்த்தாங்க. ஒடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு" என்றீர்கள்.

பெரிய வீட்டுப் பிள்ளை, லண்டன் பார்த்தவர், இங்கிலீஷில் வெளுத்து வாங்குபவர், உங்களுக்குமா பயம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். உங்களுக்கு மனுஷர்களைக் கண்டால் பயம். எனக்கு மற்ற எல்லாவற்றையும் கண்டால் பயம். நம் இரண்டு பேர் பயத்தையும் சேர்த்தால் இந்த ஜார்ஜ்டவுன் ஊர் முழுக்கப் பங்கு வைக்கலாம் என்று சொன்னேனே, நீங்கள் காப்பி புரையேறும் வரை சிரித்தீர்கள். அன்றிலிருந்துதான் நாம் சொந்தம் மாதிரி ஆனோம்.

என் மகள் துர்காவை உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே ஆள். கடலுக்கு அந்தப் பக்கம், ஜுருவில் கார் விற்கும் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். காலையில் மோட்டோ வண்டியை எடுத்துக்கொண்டு கடல்மேல் இருக்கும் பாலத்தைத் தாண்டிப் போவாள், சாயந்திரம் பாலத்தைத் தாண்டி வருவாள். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அது வரும்வரை நான் தைக்கிற தையல் எதுவும் நேராக இருக்காது. என் வாடிக்கையாளர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "மா, கூட வேலை செய்யுற பிள்ளைங்க ரெண்டு பேரு பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயால வீடு எடுத்திருக்காங்க. ஒரு ரூம் காலியா இருக்கு. நான் போகட்டுமா? சனி ஞாயிறு இங்க வந்திருவேன்."

"கல்யாணம் ஆகாத பிள்ளை தனியா ரூம் எடுத்துத் தங்குறதா? மூச்சு விடாதே" என்றேன்.

"தனியா எங்கம்மா? மூணு பேரு லா."

"கதவுக்கு என்ன பூட்டு? மேல் வீட்டுல யாரு, கீழ் வீட்டுல யாரு? காய்ச்சல் வந்தா யாரு கஞ்சி வைப்பா?"

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு திட்டு திட்டி மனசாறியிருப்பேன். அந்த வாரம்தான் அந்தக் கனவு வந்தது.

கெட்ட கனவு கண்டால் மனுஷரிடம் சொல்லக்கூடாது, சொன்னால் பலித்துவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். விடிந்ததும் குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும். அது சாக்கடை வழியாகக் கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிடும். நான் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். குழாயடியில் நான் முணுமுணுப்பதைப் பார்த்துத் துர்கா, "அம்மா வாட்டர் போர்டுக்குக் கம்ப்ளைண்ட் பண்றாங்க" என்பாள். அன்றைக்கென்று பார்த்து, எங்கோ பெரிய குழாய் உடைந்து பினாங்கில் பாதி இடத்தில் தண்ணீர் இல்லை. குழாயைத் திருகினால் உஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. ஆனால் அது நிற்கிற தண்ணீர் அல்லவா? அதனிடம் சொன்னால் கனவு வீட்டுக்குள்ளேயே நிற்கும். அந்த வாளியைப் பார்க்கவே எனக்குப் பயமாகிவிட்டது.

கனவை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. துர்கா வேறு கிளம்பிப் போய்விட்டாள். கடையைக்கூடத் திறக்காமல் உங்கள் படியில் ஏறி வந்தேன். நீங்கள் கூப்பிடாமல் நான் வந்தது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும், "யாருக்கு என்ன?" என்றீர்கள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. வீட்டுல தண்ணி வரல" என்று சொல்லிவிட்டு அழுதேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "தண்ணி இல்லன்னா என்ன, சாயம் இருக்கு. சாயமும் ஓடத்தான் செய்யும். என்கிட்ட சொல்லு, நான் வாங்கிக்கிறேன்" என்றீர்கள்.

சொன்னேன். பினாங்குப் பாலம் முழுக்கத் துணி. அதை யாரோ ஓட்டுத் தையல் போட்டு இணைத்திருக்கிறார்கள், அளவு பார்ப்பதற்காகக் கையால் தற்காலிகமாகப் போட்டுப் பிறகு பிரித்துவிடுவோமே, அந்தத் தையல். துர்கா மோட்டோவில் வருகிறாள். நூல் ஒவ்வொரு கண்ணாக விட்டுக்கொண்டே வருகிறது. நான் கத்துகிறேன், சத்தம் வரவில்லை.

நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "நீ எங்க இருக்கே?"

"நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"பார்க்குறது சரி. எங்க நின்னு பார்க்குறே? இந்தக் கரையா, அந்தக் கரையா?"

எனக்குத் தெரியவில்லை. கனவில் போய் யார் இடம் பார்ப்பார்கள்? "சரி போ. கடையைத் திற. இனிமே அது என் தலைவலி" என்று அனுப்பிவிட்டீர்கள்.

நம்பினால் நம்புங்கள், அந்தக் கனவு அதோடு நின்றது. நீங்கள் வரைந்து முடித்ததும் கூடை வரவில்லை, உங்கள் குரலே வந்தது. "தங்கச்சி, வந்து பாரு." தீபாவளித் தையல் குவிந்து கிடக்கிறது என்றேன். பிறகு கல்யாண ஆர்டர் என்றேன். பிறகு முட்டி வலி என்றேன். கொடுத்த கனவைத் திரும்பப் பார்த்தால் அது என்னிடமே ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. நீங்கள் அதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். "கடிக்காது தங்கச்சி. பார்க்க வேணாம்னா விடு. ஆனா அது உனக்காக வரைஞ்சது" என்றீர்கள். நான் கீழே நின்று, பார்க்கிறேன்க்கா, பார்க்கிறேன்க்கா என்றே காலத்தை ஓட்டினேன்.

பிறகு ஒரு காலை கூடை இறங்கவில்லை. தினமும் கூடையில் ரொட்டி போடுகிற ரொட்டிக்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் கூப்பிட்டேன். மேலே ஏறினேன். நீங்கள் நாற்காலியில் தூங்குகிற மாதிரிதான் இருந்தீர்கள். மனுஷர்களைப் பார்த்துப் பயந்தவர், ஒரு மனுஷரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிட்டீர்கள். எனக்கு இன்றைக்கும் அதில் கோபம்தான். ஒரு குரல் கொடுத்திருக்கக்கூடாதா? கீழேதானே இருந்தேன்?

இன்று காலைக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதும் கடிகாரத்தைப் பார்த்தேன். துர்காவின் மிஸ்டு கால் வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மழையோ நிற்கிற வழியாக இல்லை. நான் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். படத்தை இவன் வெளியே எடுத்துவிட்டான், அதனால்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பைத்தியக்காரத்தனம் என்று இப்போது சொல்லலாம். அப்போது அதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை. படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து, மறுபடி சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று போனைக் கையில் பிடித்தபடி படியில் ஓடினேன்.

"தம்பி, அந்தப் பாலம் படம் எனக்கு வேணும்."

அவன் திகைத்துவிட்டான். "ஆண்டி, அதுதான் அத்தையோட பெஸ்ட் படம். இந்த சர்ரியலிஸ்ட் ஸ்டைல்ல நம்ம ஆளுங்க வரைஞ்சு நான் பார்த்ததே இல்ல. ஏன் லா, என்ன ஆச்சு? மொதல்ல உட்காருங்க."

"சர்ரோ புர்ரோ, அது என் கனவு. யாரும் பார்க்கக்கூடாது."

"நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள், "உங்களுக்குப் பின்னாலதான் ஆண்டி இருக்கு" என்றான். திரும்பிவிட்டேன். யோசிக்க நேரமிருந்திருந்தால் திரும்பியிருக்க மாட்டேன்.

பாலம் துணிதான். நான் சொன்ன மாதிரியே வரைந்திருந்தீர்கள். கார்கள் எல்லாம் நூல் உருளைகள், லாரிகள் எல்லாம் ஊக்கு அட்டைகள். கீழே கடல், உங்கள் அந்தக் கரும்பச்சை. என் கண் துர்காவைத் தேடியது. பாலத்தின் மேல் அவள் இல்லை. விழுந்துவிட்டாளோ என்று தண்ணீருக்குள் தேடினேன். அங்கேயும் இல்லை. அந்தக் கரையில் இருந்தாள், கட்டைவிரல் உயரத்தில். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நனையாமல், எதையோ சாப்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள். நல்ல பசி போல. ஆனால் அவள் மோட்டோ மட்டும் மறுபடி பாலத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது, இன்னும் ஒரு முறை தாண்டியாக வேண்டும் என்பது போல.

பாலத்தின் நடுவில் ஒரு பெண் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் பூப்போட்ட கைலி. அதன் ஓரத்தை ஊசிக்கு அடியில் கொடுத்து, பாலத்தோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பாதி உடம்பு ஏற்கெனவே பாலமாகிவிட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. ஒரு பெரிய காது இருந்தது. போன் மணி கேட்கக் காத்திருக்கிற காது.

அக்கா, எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இப்படியா ஒரு மனுஷியை வரைவது, என்னைப் பற்றி இதைத்தானா நினைத்தீர்கள் என்று உங்களோடு சண்டை போட்டேன், மனசுக்குள். பிறகு அந்தச் சின்னப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாலத்தை நினைத்து இத்தனை வருஷம் பயந்து செத்த நான்தான், தினமும் இரண்டு முறை அவளை அதில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டது அந்தக் கரையில் ஒரு அறை. அவ்வளவுதான். பூட்டு எப்படி, மேல் வீட்டில் யார் என்று கேட்டேனே தவிர, வேலை நாளெல்லாம் பாலமே வேண்டாமே என்ற எண்ணம் ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை. அவள் சாயந்திரம் கதவைத் தட்ட வேண்டும் எனக்கு. அதற்காகத்தான் மழையிலும் அவள் வண்டி இந்தப் பக்கம் திரும்பி நின்றது.

போன் அடித்தது. துர்காதான்.

"மா, எதுக்கு இத்தனை கால்? பயங்கர ஜாம் லா. ஒரு கெரெத்தா எஞ்சின் நின்னுபோய் ரோடே அடைச்சிருச்சு. போன் பையில இருந்துச்சு. இப்பதான் வேலைக்கு வந்தேன், தொப்பலா நனைஞ்சு போயிட்டேன்."

"சாப்பிட்டியா?"

"இல்லம்மா. வெக்கிறேன், பாஸ் பார்க்குறாரு."

"துர்கா, இரு. அந்த ரூம் இன்னும் இருக்கா?"

"எந்த ரூம்?"

"செபராங் ஜெயால."

அவள் குரலைத் தாழ்த்தி, "மா, உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரில இருக்கீங்களா? உண்மைய சொல்லுங்க" என்று கேட்டாள். என் பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருந்தா எடுத்துக்கோன்னு சொல்றேன்."

"நெஜமாவா?" என்றாள். உடனே, "அப்ப நீங்க தனியா என்னம்மா பண்ணுவீங்க?" என்றாள். அவள் ஏன் மறுபடி கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பயந்துக்கிட்டு இருப்பேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, உண்மையைத்தான் சொன்னேன்.

படத்தை நான் மறுபடி கேட்கவில்லை. "மாட்டுற எடத்துலயே இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், அர்த்தம்கூடக் கேட்கட்டும்.

அடுத்த வாரம் அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு போகிறாள். இப்போதே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. அந்த வீட்டுக் கதவு, அந்தத் தெரு, அந்த மேல்வீட்டுக்காரர்கள் என்று புதிதாக ஒரு மூட்டை சேர்ந்திருக்கிறது. இதைக் குறைக்க எனக்குத் தெரியாது அக்கா, நீங்கள் இருந்திருந்தாலும் குறைத்திருக்க மாட்டீர்கள். ஆனால் இனி இந்த மூட்டையை நானே சுமந்துகொள்கிறேன். என் பிள்ளையின் வண்டியில் ஏற்றி அனுப்ப மாட்டேன்.